விளக்கு எரியாத வீடு: உறுப்பு மாற்றில் என்.கே. செல்களின் பங்கு

நம் இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு ‘இயற்கைக் கொல்லி செல்’ என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக என்.கே. செல் என்பார்கள். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவரின் வீட்டார் இந்தப் பெயரை முதல்முறை கேட்கும்போது நெஞ்சு திக்கென்றாகிவிடும். “புது உறுப்பைக் கொல்லத்தான் இது இருக்கிறதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இன்னொரு பக்கம், ‘உங்கள் என்.கே. செல்களைப் பெருக்குங்கள்’ என்று மாத்திரையும் பொடியும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே செல், ஒருவர் பேச்சில் எமன், இன்னொருவர் பேச்சில் காவல் தெய்வம்.

இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை. என்.கே. செல் அந்நியரைத் தேடிப் பிடித்துத் தாக்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது அந்நியரைத் தேடுவதில்லை. இருக்க வேண்டிய ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. கேட்கச் சின்ன வித்தியாசம் போலிருக்கும். ஆனால் உறுப்பு மாற்றில் இந்தச் செல் ஏன் சில சமயம் கெடுக்கிறது, சில சமயம் காப்பாற்றுகிறது, பல சமயம் சும்மா இருக்கிறது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தெருவில் இரண்டு காவலர்கள்

நீளமான ஒரு தெரு. இரவு நேரம். இரண்டு காவலர்கள் சுற்றி வருகிறார்கள்.

முதலாமவர் ஒவ்வொரு வீட்டு ஜன்னலருகிலும் நின்று, அங்கே எரியும் விளக்கின் வெளிச்சத்தில் உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். இந்தத் தெருவில் பார்த்திராத முகம் என்றால் போய் ஆள் திரட்டுகிறார். திரட்ட நாலைந்து நாள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். இவர்தான் டி செல், இன்னொரு வகை வெள்ளை அணு.

இரண்டாமவருக்கு முகம் பார்க்கும் வேலையே கிடையாது. ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். எரிந்தால் நகர்ந்துவிடுவார். எரியாவிட்டால் நிற்பார். உள்ளேயிருந்து கூச்சலோ முனகலோ கேட்கிறதா என்று காதைத் தீட்டுவார். இருட்டும் கூச்சலும் சேர்ந்துவிட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், கதவை உடைத்துவிடுவார். இவர்தான் என்.கே. செல்.

எதற்கு இரண்டு பேர்? திருடன் கெட்டிக்காரன். வெளிச்சம் இருந்தால் முதலாமவர் தன் முகத்தைப் பார்த்துவிடுவார் என்று தெரிந்து விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். பல வைரஸ்களும் சில புற்றுநோய் செல்களும் செய்வது அச்சு அசலாக இதுதான். அணைத்தவுடன் இரண்டாமவர் கண்ணில் பட்டுவிடுகிறான். விளக்கை எரியவிட்டால் ஒருவரிடம் மாட்டுவான், அணைத்தால் மற்றவரிடம் மாட்டுவான். உடலுக்குள் நடக்கிற ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் இது ஒன்று.

விளக்கு என்பது எது?

சிவப்பணு போன்ற ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேற்பரப்பிலும் ஒருவகைப் புரதங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். செல்லுக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகளை வெளியே ஏந்திக் காட்டுவது அவற்றின் வேலை. அந்தத் துண்டுகளைத்தான் டி செல் ‘முகம்’ பார்க்கிறது. உறுப்பு மாற்றுக்கு முன் ‘பொருத்தம் பார்க்கிறோம்’ என்று மருத்துவமனையில் சொல்வது பெரும்பாலும் இந்த எச்.எல்.ஏ. பொருத்தத்தைத்தான்.

எச்.எல்.ஏ.வுக்கான மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வரும். அதனால் உடன்பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. முழுக்க ஒத்துப்போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மனிதர்களிடையே இந்தப் புரதத்தில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. வெளியாள் ஒருவரோடு முழுப் பொருத்தம் அமைவது அரிதாக இருப்பது இதனால்தான்.

இனி காவலரின் கண்ணுக்கு வருவோம். செல்லின் மேல் நீட்டிக்கொண்டு நின்று, தனக்கென்று உள்ள ஒரு பொருளோடு மட்டும் பொருந்தும் புரதத்தை ரிசெப்டர் என்கிறோம். என்.கே. செல்லில் இரண்டு விதமான ரிசெப்டர்கள் இருக்கின்றன. ஒன்று பிரேக், இன்னொன்று ஆக்சிலரேட்டர். எதிரே இருக்கும் செல்லில் எச்.எல்.ஏ.வைத் தொட்டால் பிரேக் விழுகிறது. அந்தச் செல் துன்பத்தில் இருக்கும்போது மட்டும் மேலே வரும் சில புரதங்களைத் தொட்டால் ஆக்சிலரேட்டர் அழுந்துகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து, எது மிஞ்சுகிறதோ அதன்படி செல் நடந்துகொள்கிறது.

பிரேக் இல்லாவிட்டால் மட்டும் போதாது, ஆக்சிலரேட்டரும் அழுந்த வேண்டும். இதற்கு நல்ல சாட்சி நம் சிவப்பணுக்கள். அவற்றில் எச்.எல்.ஏ. இல்லை என்றே சொல்லலாம், விளக்கே இல்லாத வீடுகள். ஆனாலும் என்.கே. செல்கள் நாளெல்லாம் அவற்றோடு உரசிக்கொண்டே ஓடுகின்றன, ஒன்றும் செய்வதில்லை. சிவப்பணுக்களிலிருந்து கூச்சல் வருவதில்லை.

நிறம் தெரியாத கண்

இங்கேதான் உறுப்பு மாற்றுக்கான முடிச்சு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பிரேக் ரிசெப்டர்களில் முக்கியமான ஒரு குடும்பத்துக்குக் கிர் என்று பெயர். ஆயிரக்கணக்கான எச்.எல்.ஏ. வடிவங்களை இவை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. முக்கியமாக மூன்று பெரிய குழுக்களாகத்தான் பார்க்கின்றன. விளக்குகள் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் எரிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிர் ரிசெப்டருக்குச் சிவப்பு மட்டும் தெரியும், இன்னொன்றுக்கு நீலம் மட்டும் தெரியும். ஒரு என்.கே. செல்லில் சிவப்புக் கண் மட்டும் இருக்கலாம், பக்கத்துச் செல்லில் நீலமும் பச்சையும் சேர்ந்திருக்கலாம்.

கிர் மரபணுக்கள் இருப்பது 19-ஆம் குரோமோசோமில். எச்.எல்.ஏ. இருப்பது 6-இல். அதாவது விளக்கும் கண்ணும் தனித்தனியாக வாரிசுக்கு வருகின்றன. ஆகவே ஒருவருக்குப் பச்சைக் கண் உள்ள என்.கே. செல்கள் இருந்து, அவர் உடலில் பச்சை விளக்கே இல்லாமல் போகலாம். அப்படியானால் அந்தச் செல்கள் எல்லா வீடும் இருட்டு என்று நினைத்து அவருடைய உடலையே தாக்காதா? தாக்குவதில்லை. என்.கே. செல் வளரும் காலத்தில் தன் தெருவில் என்னென்ன நிறம் எரிகிறது என்று பழகிக்கொள்கிறது. பழகிய நிறம் மறைந்தால்தான் அது பதறும். தன் நிறத்தை ஒருபோதும் பார்த்திராத செல் மந்தமாகவே இருந்துவிடும். இந்தப் பழக்கத்துக்கு அறிவியலில் ‘என்.கே. செல்லின் கல்வி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது இன்னொருவர் உறுப்பைக் கொண்டுவந்து வைக்கிறோம். பெறுபவர் உடலில் சிவப்பும் நீலமும் எரிகின்றன. கொடுத்தவர் உறுப்பில் சிவப்பு மட்டும். சிவப்புக் கண் உள்ள செல்களுக்குக் குறை ஒன்றுமில்லை. நீலக் கண் மட்டும் உள்ள செல்லுக்கோ அந்த உறுப்பு முழுக்க இருட்டு. விளக்கு எரியத்தான் செய்கிறது, ஆனால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் எரிகிறது. இந்த நிலைக்குத்தான் ‘காணாமல் போன சுயம்’ என்று பெயர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: டி செல் புதிதாக வந்த முகத்தைப் பார்த்து எழும்புகிறது. என்.கே. செல் பழகிய விளக்கைக் காணாமல் எழும்புகிறது. பிரேக் விலகுவதும் ஆக்சிலரேட்டர் அழுந்துவதும் சேர்ந்து நடந்தால்தான் தாக்குதல்.

விதியை மீறிய எலிகள்

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது என்பதும் சொல்ல வேண்டிய கதை. உறுப்பு மாற்று ஆய்வில் நெடுங்காலமாக ஒரு விதி இருந்தது. இரண்டு தூய எலி வம்சங்களைக் கலந்து பிறந்த குட்டிக்கு அப்பா, அம்மா இருவருடைய எச்.எல்.ஏ.வுக்கு இணையான புரதங்களும் இருக்கும். அதனால் பெற்றோர் எவருடைய திசுவை வைத்தாலும் குட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் குட்டிக்குத் தெரியாத புரதம் எதுவும் இல்லை. தோலை ஒட்டினால் அப்படித்தான் நடந்தது. எலும்பு மஜ்ஜையை வைத்தபோது குட்டி நிராகரித்துவிட்டது. 1971-இல் குட்கோவிச், பென்னட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். ஏன் என்று சொல்ல அப்போது யாராலும் முடியவில்லை.

1975-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவினரும் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள். முன்னதாக எந்தத் தடுப்பூசியும் பயிற்சியும் பெறாத எலியின் வெள்ளை அணுக்கள் சில, புற்றுநோய் செல்களைப் பார்த்த மாத்திரத்தில் கொன்றன. பயிற்சியில்லாமல் இயல்பாகவே கொல்வதால் ‘இயற்கைக் கொல்லி’ என்று பெயர் வந்தது. பயங்கரமாகத் தொனிக்கும் பெயருக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

பிறகு கிளாஸ் கேர்ரே என்ற ஸ்வீடன் ஆய்வாளர் அந்தப் பழைய எலிப் புதிரைக் கையில் எடுத்தார். அவரும் சகாக்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், எச்.எல்.ஏ.வுக்கு இணையான புரதத்தை இழந்த புற்றுச் செல்களை என்.கே. செல்கள் ஒழித்தன, புரதம் உள்ளவற்றை விட்டுவிட்டன. கலப்புக் குட்டியின் கதையும் அதோடு விளங்கியது. குட்டியின் தெருவில் இரண்டு நிறம், பெற்றோரின் மஜ்ஜையில் ஒரு நிறம். அதில் புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை, ஒன்று குறைந்திருந்தது.

தொட்டுக் கொல்லும் விதம்

அருகில் போய்ப் பார்ப்போம். டி செல், என்.கே. செல் எல்லாம் அடங்கிய வெள்ளை அணுக் குடும்பத்துக்கு லிம்போசைட் என்று பெயர். என்.கே. செல், இரத்த லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம். மற்ற லிம்போசைட்டுகளைவிடச் சற்றுப் பெரிது, உள்ளே மணல் தூவியது போலக் குருணைகள். இலக்கைத் தொட்டதும் அது தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. அதுவரை செல் முழுக்கச் சிதறிக் கிடந்த குருணைகள், ஒட்டிய பக்கமாக நகர்ந்து குவிகின்றன. இரண்டு செல்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் அவை கொட்டப்படுகின்றன. அவற்றில் உள்ள பெர்ஃபோரின் என்ற புரதம் எதிர்ச் செல்லின் சவ்வில் துளை போடுகிறது. கிரான்சைம் என்ற நொதிகள் அதன் வழியே நுழைந்து, அந்தச் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் நிரலைத் தொடங்கிவைக்கின்றன. செல் வெடித்துச் சிதறுவதில்லை, சுருங்கிக் குமிழிட்டு உதிர்கிறது. வேலை முடிந்ததும் என்.கே. செல் விலகி அடுத்ததற்குப் போகிறது.

கொல்வது மட்டும் அதன் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இன்டர்ஃபெரான்-காமா என்ற சைகைப் புரதத்தையும் அது சுரக்கிறது. சுற்றியுள்ள எதிர்ப்புச் செல்களை இது முடுக்கிவிடும். கருப்பையில் இருக்கும் என்.கே. செல்களோ ஏறக்குறைய கொல்வதே இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பை உள்வரியில் உள்ள வெள்ளை அணுக்களில் பெரும்பான்மை இவைதான். குழந்தைக்கு இரத்தம் தாராளமாகப் போகும்படி தாயின் இரத்தக் குழாய்களை அகலப்படுத்த உதவுகின்றன. பாதி வேற்று எச்.எல்.ஏ. கொண்ட ஓர் உயிரைத் தாங்கி நிற்பதும் இதே குடும்பத்துச் செல்தான் என்பதை, ‘கொல்லி’ என்ற சொல் நம்மை மறக்கவைத்துவிடுகிறது.

ஏன் இத்தனை காலம் கண்டுகொள்ளவில்லை?

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசஃப் மரே குழு ஒரு சிறுநீரகத்தை மாற்றி வைத்தது. நீண்ட காலம் வேலை செய்த முதல் உறுப்பு மாற்று அதுதான். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். முகமும் விளக்கும் இரண்டுமே ஒன்று என்பதால் எந்தக் காவலருக்கும் வேலை வரவில்லை. மற்றவர்களுக்கு வைத்தபோது பெரும்பாலும் உடல் புது உறுப்பைத் தாக்கிச் செயலிழக்க வைத்தது. இதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். முதல் குற்றவாளியாகப் பிடிபட்டது டி செல்.

பிடித்ததற்கு வலுவான ஆதாரமும் இருந்தது. டி செல்லே இல்லாத எலிகள், என்.கே. செல்கள் நல்லபடியாக இருந்தும், அந்நியத் தோலை ஏற்றுக்கொண்டன. அப்படியானால் சிறுநீரகம், இதயம் போன்ற திட உறுப்பில் என்.கே. செல்லுக்கு வேலை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மருந்துகளும் டி செல்லைக் குறிவைத்தே வந்தன. 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்தது, பிறகு டாக்ரோலிமஸ். இரண்டும் டி செல் பெருகுவதற்கான கட்டளையை வெட்டுகின்றன. முதல் ஆண்டுக்குள் உறுப்பை இழப்பது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து மெதுவாக உறுப்பு மங்குவது மட்டும் அதே வேகத்தில் குறையவில்லை. டி செல்லை அடக்கி வைத்த பிறகும் யாரோ உள்ளே தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோல் சோதனையின் முடிவு சரிதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் அகலமாகிப்போனது என்பது என் கருத்து. தனியாகவே சில வாரங்களில் ஓர் உறுப்பை வீழ்த்துகிற அளவுக்கு என்.கே. செல்லுக்கு வலு இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் அரிக்க அந்த வலு தேவையில்லை.

புது உறுப்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். என்.கே. செல் ஓடுவது இரத்தத்தில். புது உறுப்பில் அது முதலில் தொடுவது இரத்தக் குழாய்களின் உட்பக்கத்தில் தரை ஓடு போல ஒட்டிய ஒற்றை அடுக்குச் செல்களை. இந்த அடுக்குக்கு எண்டோதீலியம் என்று பெயர். உறுப்பை மாற்றும்போது இந்த அடுக்கு கொடுத்தவருடையதாகவே வருகிறது, உள்ளே ஓடும் இரத்தம் பெற்றவருடையது. இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் நொடிக்கு நொடி தொட்டுக்கொண்டிருக்கும் எல்லைக்கோடு அது.

கொடுத்தவர் உடலிலிருந்து எடுத்த உறுப்பு குளிர்ந்த கரைசலில் இரத்த ஓட்டமில்லாமல் காத்திருக்கிறது. இதயம் என்றால் சில மணி நேரம்தான் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். மறுபடி இரத்தம் பாயும்போது செல்கள் அடிபடுகின்றன. துன்பத்தைக் காட்டும் புரதங்கள் மேலே வருகின்றன. காவலர் காதில் விழும் கூச்சல் இதுதான். அறுவை முடிந்த முதல் நாட்களில் உறுப்பு சோர்ந்து கிடப்பதில் என்.கே. செல்லுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் ஆன்டிபாடி. பி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுக் குடும்பம் தயாரித்து இரத்தத்தில் விடும், ஒரு குறிப்பிட்ட இலக்கோடு ஒட்டிக்கொள்ளும் புரதத்தை ஆன்டிபாடி என்கிறோம். கொடுத்தவரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராகப் பெற்றவர் உடல் ஆன்டிபாடி உண்டாக்கினால், அவை போய் எண்டோதீலியத்தில் ஒட்டிக்கொள்ளும். கதவில் யாரோ சிவப்புச் சீட்டு ஒட்டியது போல. என்.கே. செல்லில் சி.டி.16 என்ற ரிசெப்டர் ஒன்று உண்டு, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிப்பது அது. என்.கே. செல்லின் ஆக்சிலரேட்டர்களில் மிகவும் வலுவானது இதுதான். சீட்டைத் தொட்டால், விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் பிரேக்கை மீறி வண்டி கிளம்பிவிடும்.

திசு ஆய்வில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த, நூல் கனமுள்ள ஒரு துண்டை மெல்லிய சீவலாக்கி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். நுண்குழாய்கள் இயல்பாக ஏறக்குறைய காலியாக, மெல்லிய கோடுகளாகத் தெரிய வேண்டும். நிராகரிப்பில் அந்தக் கோடுகளுக்குள் கருநீல உருண்டைகள் தீக்குச்சித் தலைகள் போல வரிசை கட்டி நிற்கும். மருத்துவர் அவற்றை எண்ணுகிறார். ஒரு குழாய்க்குள் அதிகபட்சம் 3, 4 இருந்தால் முதல் நிலை, 5 முதல் 10 வரை என்றால் இரண்டாம் நிலை, 10-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. அந்த உருண்டைகளில் என்.கே. செல்களும் இருக்கின்றன என்பதை 2010-ஐ ஒட்டி வந்த மரபணு ஆய்வுகள் எடுத்துக்காட்டின. திசுவில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தபோது, என்.கே. செல்லுக்கே உரியவை பளிச்சென்று தெரிந்தன.

அதற்குப் பிறகும் ஒரு புதிர் மிஞ்சியது. சில நோயாளிகளின் திசுவில் நுண்குழாய்கள் இதே போல நிரம்பியிருந்தன, ஆனால் எவ்வளவு தேடியும் ஆன்டிபாடி அகப்படவில்லை. 2019-இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வுக் குழு ஒன்று இப்படிப்பட்டவர்களின் கிர் மரபணுக்களையும் கொடுத்தவர்களின் எச்.எல்.ஏ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பெற்றவரின் கண்ணுக்குத் தெரியாத விளக்கு, அதாவது காணாமல் போன சுயம், இவர்களிடம் கூடுதலாக இருந்தது. எலிகளில் அதையே செய்து காட்டி, ராபமைசின் என்ற பழைய மருந்தால் அந்த அழற்சியைத் தணிக்க முடிந்ததையும் அக்குழு பதிவு செய்தது. 1971-இல் கலப்புக் குட்டிகள் மஜ்ஜையில் காட்டியதை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து மனிதச் சிறுநீரகத்தில் அடையாளம் கண்டார்கள்.

உறுப்பு மாற்றுத் திசுக்களை உலகெங்கும் ஒரே அளவுகோலில் படிக்க பான்ஃப் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. கனடாவில் முதல் கூட்டம் நடந்த ஊரின் பெயர் அது. அதன் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘ஆன்டிபாடி இல்லாத நுண்குழாய் அழற்சி’ தனி வகையாகவே இடம்பெற்றுவிட்டது.

பொருத்தமில்லாத எல்லா உறுப்பும் இப்படித் தாக்கப்படுமா என்றால், இல்லை. கிர் தவிர வேறு பிரேக்குகளும் உண்டு. அவற்றில் ஒன்று மனிதர்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ஓர் எச்.எல்.ஏ. வகையைப் பார்க்கிறது. எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஒரு விளக்கு. அது எரிகிறவரை பல என்.கே. செல்கள் அமைதியாகவே இருக்கும். கூடவே ஒரு கூச்சல், ஒரு தொற்றோ அழற்சியோ, சேரும்போதுதான் தராசு சாய்கிறது.

சுருக்கமாக: உறுப்பில் என்.கே. செல் மோதும் இடம் இரத்தக் குழாயின் உள்வரி. அதை எழுப்புவது மூன்று: அடிபட்ட செல்களின் கூச்சல், ஒட்டிய ஆன்டிபாடி, காணாமல் போன சுயம். சேதம் பெரும்பாலும் மெதுவாக நடக்கும்.

மஜ்ஜை மாற்றில் காற்று திசை மாறுகிறது

சிறுநீரக மாற்றில் தாக்குவது பெறுபவரின் செல்கள். எலும்பு மஜ்ஜை மாற்றில் நாம் வைப்பதே எதிர்ப்புச் செல்களின் விதைகளை. ஆகவே புதிதாக வந்த காவலர்கள்தான் பழைய தெருவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். கொடையாளரின் டி செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்குவது இதில் பெரிய ஆபத்து.

இத்தாலியின் பெருஜியாவில் அந்திரேயா வெலார்தி, லொரெதானா ருஜேரி குழுவினர், பாதி மட்டும் பொருந்தும் உறவினரிடமிருந்து, டி செல்களை நீக்கிவிட்டு மஜ்ஜைச் செல்களை எடுத்து வைத்துவந்தார்கள். கொடையாளரின் என்.கே. செல்களுக்கு நோயாளியின் விளக்கு தெரியாத ஜோடிகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, ஒருவகைத் தீவிர இரத்தப் புற்றுநோய் 5 ஆண்டுகளில் திரும்பி வரும் வாய்ப்பு 0 சதவீதமாக இருந்தது. விளக்கு தெரிந்த ஜோடிகளில் அது 75 சதவீதம். 2002-இல் இந்த முடிவு வெளியானபோது துறையே திரும்பிப் பார்த்தது. மிச்சமிருந்த புற்றுச் செல்களை என்.கே. செல்கள் துடைத்துவிட்டன. அதோடு, டி செல்களைத் தூண்டிவிடும் நோயாளியின் சில செல்களையும் அவை ஒழித்ததால், தோலும் குடலும் தப்பின. டி செல்களை நீக்காமல் செய்யும் முறைகளில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. முறை மாறினால் பலன் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறுநீரகத்தில் நாம் அஞ்சும் அதே பொருத்தமின்மை, இங்கே மருந்தாகிறது.

காப்பாற்றும் கை

திட உறுப்பிலும் என்.கே. செல் எதிரி மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. புது உறுப்போடு கொடையாளரின் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றில் டென்ட்ரிடிக் செல் என்ற வகை, அந்நிய முகத்தைத் தூக்கிப் பிடித்து டி செல்களுக்குக் காட்டி உசுப்பிவிடும். பெறுபவரின் என்.கே. செல்கள் இந்த உசுப்புகிறவர்களை முதலிலேயே முடித்துவிட்டால் டி செல்களுக்குச் செய்தி போகாது. 2006-இல் வெளியான எலி ஆய்வில், ஏற்பு உண்டாகும்படி செய்திருந்த எலிகளிடமிருந்து என்.கே. செல்களை நீக்கியதும் அந்த ஏற்பே குலைந்துபோனது. கல்லீரல் மற்ற உறுப்புகளைவிட எளிதில் ஏற்கப்படுவது தெரிந்த சங்கதி. அந்த உறுப்பின் லிம்போசைட்டுகளில் என்.கே. செல்கள் இரத்தத்தைவிடப் பன்மடங்கு அதிகம். அந்த இணக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

தொற்று விஷயம் இன்னும் நேரடியானது. உறுப்பு மாற்றியவர்களுக்கு மருத்துவர்கள் தவறாமல் பரிசோதிப்பது சைட்டோமெகலோ வைரஸ். பெரியவர்கள் பலர் உடலில் அது சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். டி செல்களை மருந்தால் அடக்கியதும் எழுந்துகொள்ளும். அப்போது களத்தில் மிஞ்சி நிற்பது என்.கே. செல். இந்த வைரஸ் வந்துபோனவர்களின் உடலில் ஒரு தனி வகை என்.கே. செல்கள் பெருகி, நெடுநாள் தங்கிவிடுகின்றன. இவற்றுக்கு ஞாபகமே கிடையாது என்று முன்பு சொல்லப்பட்டதை இது அசைத்துவிட்டது. பிறவியிலேயே என்.கே. செல் இல்லாதவர்களுக்கு ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்கள் மிகக் கடுமையாக வருவதையும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அத்தனை என்.கே. செல்களையும் ஒழித்துவிடுவது தீர்வாகாது.

மாத்திரை, பொடி, புது மருந்து

இப்போது தொடக்கத்தில் சொன்ன விளம்பரத்துக்கு வருகிறேன். உறுப்பு மாற்றியவர் ‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ எதையும் தன் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு வாங்கிக் கொடுக்கும் உறவினர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் டி செல்லை ஒடுக்குகிற அளவுக்கு என்.கே. செல்லின் கொல்லும் திறனை ஒடுக்குவதில்லை. உறுப்பை விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பிரேக், ஆக்சிலரேட்டர் தராசுதான். அதில் ஒரு தட்டை அழுத்துவதாகச் சொல்லி விற்கிற ஒன்றை நம்பி இறங்குவது ஆபத்து. சில மூலிகைகள் இந்த மருந்துகளின் இரத்த அளவையே மாற்றிவிடும். செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சைக்ளோஸ்போரின் அளவைக் கீழே இறக்கி, அதனால் நிராகரிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மாத்திரை வேளையைத் தவறவிடுவதும் அப்படித்தான். டி செல் விழித்துக்கொண்டால் அது பி செல்லை எழுப்பும், பி செல் ஆன்டிபாடியை அனுப்பும், ஆன்டிபாடி கதவில் சீட்டை ஒட்டும், அந்தச் சீட்டை என்.கே. செல் பார்த்துவிடும்.

அந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணியில் அறுக்க முடியுமா என்று பார்க்கும் முயற்சி இப்போது நடக்கிறது. சி.டி.38 என்ற புரதம் ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களிலும் இருக்கிறது, என்.கே. செல்களிலும் இருக்கிறது. அதைக் குறிவைக்கும் ஃபெல்சார்டமாப் என்ற மருந்தை வியன்னாவிலும் பெர்லினிலும் 22 சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஆன்டிபாடியால் வரும் நிராகரிப்பு இருந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் கரைசல். 24 வாரம் கழித்துத் திசுவை எடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற 11 பேரில் 9 பேரிடம் நிராகரிப்பின் தடயம் மறைந்திருந்தது. மற்றக் குழுவில் திசு பார்க்கப்பட்ட 10 பேரில் 2 பேரிடம் மட்டும். தேறிய அந்த 9 பேரில் 3 பேருக்கு, மருந்து நின்ற பிறகு, 52-ஆம் வாரத்தில் எடுத்த திசுவில் நிராகரிப்பு மறுபடி தெரிந்தது. எவ்வளவு காலம் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, தொற்றுக்கு எதிரான காவலை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்ற கேள்விகளோடு அடுத்த கட்டச் சோதனைகள் தொடர்கின்றன.